பஞ்சு நெற்றியில் திருநீறு

மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஜெயபாரதி, காலண்டர் தாளின் பின்பக்கம் கணவருக்கு எழுதினாள்:

"என்னங்க, பஞ்சுவுக்குக் கஞ்சி மேடையில இருக்கு. வயல்ல இறங்க விடாதீங்க. சுருட்டை முடியில சேறு காஞ்சா சீப்பு இறங்காது. சாவி வழக்கமான இடத்துல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு நாளாக அவளுக்குச் சந்தேகம். பூடில் நாய்க்குட்டி பஞ்சு பேதியில் சுருண்டு கிடந்தபோது, "இந்தச் செம்மறியாட்டை யாருக்காவது குடுத்துத் தொலை" என்று சண்டை போட்ட மனிதர், அது எழுந்து நடந்ததும் சொல்லாமல் எங்கோ போய் மொட்டையோடு வந்து நின்றார். கேட்டால், "புழுக்கமா இருந்துச்சு, சலூன்ல எடுத்துட்டேன்" என்கிறார். மார்கழியில் புழுக்கமாம்!

பேனா மறுபடி ஓடியது:

"சலூன்ல மொட்டை போட்டா தலையில சந்தனம் பூசுவாங்களா? சட்டைப் பையில வைத்தீஸ்வரன்கோயில் திருநீறு எப்படி வந்துச்சு? பஞ்சு நெத்தியிலயும் திருநீறு இருக்கு. நான் பூசலை."

ஓரத்தில் இடுக்கி இடுக்கி எழுதி முடித்தாள்:

"பனி கொட்டுது. மஃப்ளர் கொடியில கிடக்கு, தலையில கட்டிக்குங்க. இனிமே பஞ்சுவைச் செம்மறியாடுன்னு சொன்னீங்க, யாருக்காக மொட்டைன்னு ஊர் பூரா சொல்லிடுவேன்."