தொட்டி நிறையக் கடற்பாசி

ஹேரின் அம்மா,

குளியலறைக் கதவைத் திறந்ததும் அலறாதே. தொட்டியில் கிடப்பது கடற்பாசி. பிறந்தநாளென்றால் கடற்பாசி சூப் குடித்தாக வேண்டுமே, உனக்காகத்தான் ஊறவைத்தேன். காய்ந்த பாசியை ஒரு பாக்கெட் முழுவதும் போட்டால் இப்படிப் பொங்கும் என்று எனக்கென்ன தெரியும்?

"என் பொறந்தநாளே ஒங்களுக்கு மறந்துபோச்சுல்ல?" என்று நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, மறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் விடிகாலையில் சூப்பை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், ஃப்ரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரிச் சீட்டு: நாளைய பரிசோதனைக்கு முன் கடற்பாசி கூடவே கூடாதாம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

சாற்றை மட்டும் துணியில் வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றியிருக்கிறேன். நர்ஸிடம் ஃபோனில் கேட்டேன். "தெளிவா இருந்தா குடிக்கட்டும், மாமா" என்று சிரித்தாள். கிம்ச்சி ஊறுகாய் டப்பா பக்கம் மட்டும் போகாதே.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பேதி மருந்து. முதல் டம்ளருக்கு முன்பே, மலம் போக வயிற்றில் வைத்த திறப்பில் பெரிய பையை மாட்டிக்கொள். தினம் போடுகிற சின்னப் பை தாங்காது. நிறைய நிறையக் கொட்டுவது என் வேலை. பஸ்ஸை டிப்போவில் விட்டதும் ஓடி வருகிறேன்.

நாளை அந்தத் திறப்பு வழியாகத்தான் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். "நானே போய்க்குவேன்" என்று ஆரம்பிக்காதே. கதவுக்கு வெளியே நான் இருப்பேன்.

போன பிறந்தநாளன்று ஆபரேஷன் தியேட்டரில் கிடந்தாய். இன்றைக்கு வீட்டில் நின்று என்னைத் திட்டப்போகிறாய். எனக்கு இது போதும்.

ஹேரின் அப்பா

பி.கு.: கீழ்வீட்டு சுன்-ஒக் அக்காவுக்கு ஒரு வாளி கொடு.

மிச்சத்தைக் கொட்டிவிடாதே, ஃப்ரீசரில் வை. அடுத்த இருபது பிறந்தநாளுக்குக் காணும். நீ இருந்து குடித்துத் தீர்த்தாக வேண்டும்.