அருவியோடு போன சாப்பாட்டுப் பை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், என் இடது முட்டி மட்டும் நலமில்லை. அங்கே நீங்கள் இருவரும் நலமா? இருவரும் என்று எழுதியிருப்பதை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்திருப்பாய், உன் கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. அம்மா எழுதும் கடிதங்களின் அடியில் அப்பாவும் உன்னை விசாரித்தார் என்று ஒரு வரி வருமே, இந்த இரண்டு வருஷமும் அது அவளுடைய கைச்சரக்கு, நான் விசாரிக்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா நடுவில் புகுந்து அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அம்மாவை மூன்று நாள் சுற்றுலா கூட்டிப் போனேன், அவள் கணக்கில் அவள் என்னை இழுத்துப் போனாள். குகை, மலை உச்சி, அருவி, வேனில் பதினொரு பேர். உன் அப்பன் குணம் உனக்குத் தெரியாததா. முப்பத்திரண்டு வருஷம் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர், ஊரில் இருந்த ஓட்டல்காரர்களுக்கெல்லாம் சிம்மசொப்பனம், வெளியே ஒரு வாய் தண்ணீர் குடிப்பேனா? மூன்று நாளைக்கும் ரொட்டி, அவித்த முட்டை, உரிக்காத பழம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், இரண்டு தட்டு, என் பழைய தெர்மாமீட்டர் எல்லாம் ஒரு பெரிய பையில் கட்டிக்கொண்டேன். வேனில் எல்லாரும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள், எங்கள் வரிசையில் ஜன்னல் சீட்டு பைக்குக் கிடைத்தது. முதல் நாள் குகை, உள்ளே வௌவால் எச்சம், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். சாயங்காலம் மலை உச்சி, ஒரே மூடுபனி, மூச்சு வாங்க ஏறிப்போய் வெள்ளையடித்த சுவரைப் பார்த்த மாதிரிதான். நேற்று வந்திருந்தால் நல்லா தெரிந்திருக்கும் என்றார் டிரைவர். அவர் தினமும் அதைத்தான் சொல்வார் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் அருவி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஜனங்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள், நான் குனிந்து தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன். ஏழு டிகிரி! வெயில் ஏறுகிறதே, முட்டை கெட்டுவிடுமே என்று காலையிலிருந்து எனக்குத் தவிப்பு, இயற்கையே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும்போது விடலாமா? பையின் வாயை இறுக்கிக் கட்டி, ஷூ லேஸைக் கழற்றி ஒரு வேரில் முடிந்து, பையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்த நேரத்தில் லேஸ் முடிச்சு அவிழ்ந்து, பை சுற்றுலாப் பயணி மாதிரி நிதானமாக மிதந்து போய், அருவி அடுத்த தட்டுக்கு இறங்கும் விளிம்பில் ஒருதரம் தலையைத் தூக்கி, கீழே விழுந்தது. இரண்டு நாள் சாப்பாடு, தட்டு, தெர்மாமீட்டர் எல்லாம் ஜலசமாதி. கூட வந்த ஒருவர் அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், உன் அம்மாவுக்கு முதலில் பறந்தது என் மேல் இருந்த மரியாதை. நேராகப் போய் அங்கிருந்த தகரக் கூரைக் கடையில் உட்கார்ந்து பொரித்த மீனும் சூடான ரொட்டியும் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரம்மா ஒரு ஆள்தான், அடுப்பு, கல்லா, தட்டு எல்லாம் அவரே. நான் நின்றுகொண்டே சோதனை போட்டேன். எண்ணெய் புதிது, கை கழுவ தனித் தண்ணீர், ஈ இல்லை. கடைசியில் கத்தியை முந்தானையில் துடைத்ததைப் பிடித்துவிட்டேன், சொல்லவும் சொன்னேன். அந்தம்மா கத்தியைக் கழுவிவிட்டு, சரிங்க ஐயா, உட்கார்ந்து சாப்பிட்டுட்டு மிச்சக் குறையையும் சொல்லுங்க என்றார். சாப்பிட்டேன். குறை கண்டுபிடிக்க ஒரு தட்டு போதவில்லை, மூன்று தேவைப்பட்டது. வயிறு கெட்டிருந்தாலாவது என் மானம் மிஞ்சியிருக்கும், அதுவும் கெடவில்லை.

வேன் பஞ்சரானதால் நாலு மணி வரை அங்கேயே கிடந்தோம். கூட்டம் வடிந்த பிறகுதான் அந்தம்மா, யாரும் வாங்காத உடைந்த மீன் துண்டு இரண்டை ஒரு மூடியில் வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றபடியே சாப்பிட்டார். கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. எத்தனை ஆயிரம் அடுப்படி பார்த்திருப்பேன், பானைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, சமைக்கிறவர் எப்போது சாப்பிடுகிறார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

எனக்கு உன் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. தள்ளுவண்டியில் சாப்பாடு விற்கிறவனுக்குப் பெண்ணா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை தன் கையால் சமைத்ததை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு வாய் சாப்பிடுங்க மாமா என்று குனிந்து நின்றார். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன். திரும்பி வரும்போது வேனில் அம்மாவிடம் கேட்டேன், அன்னைக்கு அவர் சாப்பிட்டாரா என்று. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, நீங்க சாப்பிட்ட பிறகு சாப்பிடறேன்னு சொல்லிட்டு கடைசி வரைக்கும் சாப்பிடவே இல்லை, இதைக் கேட்க உங்களுக்கு இரண்டு வருஷம் ஆச்சு என்றாள். நான் செய்தது தப்பு, மகளே. ஊரெல்லாம் குறை கண்டுபிடித்தவனுக்குத் தன் குறை தெரிய ஒரு பை மூழ்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் இருவரும் அங்கே வருகிறோம். நீ லீவு எல்லாம் போட வேண்டாம், வெயிலில் அலையாதே, வேளைக்குத் தூங்கு. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிவை. நான் அவர் வண்டிக்குப் பக்கத்தில்தான் சாப்பிட உட்காருவேன், எனக்கு எதிரே அவருக்கும் ஒரு தட்டு போட வேண்டும், அவர் ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் நான் கை வைப்பேன், அதற்கு நாலு மணி ஆனாலும் சரி.

இப்படிக்கு,
பசியோடு வரப்போகும்
உன் அப்பா