வெயிலில் காயப்போட்ட படம்

பாம்பன்,
புரட்டாசி 20

அன்பின் கனகேஸ்வரிக்கு,

உமது மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மன்னாரில் மகள் றஜிதா வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நானும் சுகம். ஐப்பசி பிறக்கும் முன்பே இங்கே புயல் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, கருவாட்டுக் கொட்டகையில் என் அறை கொஞ்சம் ஒழுகியது. மூன்றாம் நாளே வானம் வெளுத்து, மீன் காயப்போட நல்ல வெயில்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நம் மகன் நிமலன் இறந்த பிறகு நம்மிடம் மிஞ்சிய ஒரே படம், நீர் என்னிடம் விட்டுப்போனது, நனைந்து சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கருவாட்டைப் போலவே அதையும் உச்சி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் கண்ணாடியைத் தூக்கினேன். அவன் முகம் துண்டு துண்டாக அதோடு வந்துவிட்டது.

கூட வேலை செய்யும் சகாயராணி, "படிச்ச மனுசன், போட்டோவக் கருவாடுன்னு நெனச்சீகளா? வெயில்ல போடலாமாய்யா?" என்று ஏசினாள். பிறகு அவளே அழுதாள்.

உம்மிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

உறவினர் கலியாணப் படங்களில் அவன் ஓரமாக நின்றாலும் போதும், றஜிதாவிடம் தேடச் சொல்லும். சைக்கிளில் விழுந்தபோது வந்த தழும்பு அவனுக்கு எந்தப் புருவத்தில் இருந்தது? இடது என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமில்லை. கருவாடு ஏற்ற லாரி வந்துவிட்டது. இதற்கு மட்டுமாவது உடனே பதில் எழுதும்.

கணேசலிங்கம்