கவினின் முதல் முடி

அன்புள்ள பூங்கோதைக்கு,

நீயும் கவினும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கோலா சிலாங்கூரில் தினமும் மதியம் மழை.

மழையில் முடிவெட்ட யாரும் வருவதில்லை. முதலாளி மகள் தர்ஷினி அந்த நேரம் கடையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாள். நேற்று, ஒரு வேலையைப் பிறரைக் கொண்டு செய்விப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்ற பாடம். என்னையும் உதாரணம் சொல்லச் சொன்னாள்.

வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆள் வைத்து வீட்டுக்கு வெள்ளையடித்தேன். ஆள் வைத்துக் கிணறு தூர்வாரினேன். சொல்லச் சொல்ல, எதிரே கண்ணாடியில் பெய்த மழைக்குள் நம் சிவகங்கை வீடு வெள்ளை வெளேரென்று நின்றது. நீ ஈரத்தலையோடு வாசலில் நின்றாய்.

“அண்ணே, இன்னொன்னு சொல்லுங்க லா!” என்றாள் தர்ஷினி, இந்த ஊர்ப் பேச்சில்.

“ஆள் வைத்து என் மகனுக்கு மொட்டையடித்தேன்” என்று வந்துவிட்டது.

“நீங்கதானே முடிவெட்டுறவரு, அதுக்கு எதுக்கு ஆளு?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எழுந்து, சுத்தமாக இருந்த தரையை மறுபடி கூட்டினேன்.

தலைப்பிள்ளைக்கு முதல் முடியை அப்பன் கையால் இறக்குவதுதானே நம் வீட்டு வழக்கம்? வருகிற தை மாதம் உன் தம்பியை வைத்து முடித்துவிடு என்று சொன்னவன் நான்தான். இப்போது வேண்டாம் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. முடி கண்ணில் விழுந்தால் சிண்டு போட்டுவிடு. நான் வர இன்னும் பதினான்கு மாதம்தான்.

மழை விட்டுவிட்டது, ஆள் வந்துவிட்டார். பெட்டியில் இருக்கும் என் பழைய கத்திக்கு எண்ணெய் போட்டு வை. யார் கேட்டாலும் கொடுக்காதே.

சேவுகன்