இருபது விநாடி மூச்சு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை, நேற்று டாக்டர் வாயாலேயே கேட்டுவிட்டு எழுதுகிற நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பிடுங்கிக்கொண்டு, "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்று முடித்துவிடுகிறாள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ பயந்தது நியாயம்தான். இடது மார்பில் இருந்த கட்டியை ஆபரேஷனில் எடுத்தாயிற்று, மிச்சம் மீதி எதுவும் இருந்துவிடக் கூடாது என்று கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், ஆனால் இதயம் சரியாக அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேலும் பட்டால் பிற்காலத்தில் தொந்தரவு வரலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் ஃபிசிக்ஸ் பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஃபிசிக்ஸ் படித்தவளுக்கு என்ன வேலை என்று நானும் கேட்டேன். கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போடுவதும், தினமும் காலையில் நோயாளிகள் வருமுன் மெஷினை அளந்து சோதிப்பதும் அவள்தானாம். மில்லிமீட்டரில் பேசினாள். முப்பது வருடம் பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நின்றவனுக்கு வேறென்ன வேண்டும், பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் உப்பி, இதயம் ஒரு விரற்கடை விலகிப் போகுமாம், அப்படிப் பிடிக்கிற இருபது விநாடிக்குள் கதிரைக் கொடுத்துவிடலாமாம். அதைப் பற்றி அவர்கள் நடத்தும் ஆராய்ச்சியில் அம்மாவையும் சேர்த்துக்கொண்டாள். இருபது விநாடி வாய் மூடி இருக்க வேண்டும், அதுவும் உன் அம்மா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பயிற்சி அறையில் அம்மா படுத்திருந்தாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். உள்ளே பேசுவது எங்களுக்குக் கேட்காது, அவள் நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும் திரையில் கோடாக ஓடும். "இழுத்துப் பிடிங்கம்மா" என்று அந்தப் பெண் மைக்கில் சொன்னதும் கோடு ஜம்மென்று ஏறும், அடுத்த நொடியே தொப்பென்று விழும். இரண்டு நாள் இதே கதை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் மூச்சைப் பிடிக்காத சாதாரண முறையில்தான் என்றார் டாக்டர். என் நுரையீரல் அவ்வளவுதான் என்று அம்மா வழியெல்லாம் அழுதாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் கோடு விழும் இடத்தையே உற்றுப் பார்த்தவள், எழுந்து உள்ளே போய்க் கேட்டாள், நானும் பின்னாலேயே போனேன். விஷயம் என்ன தெரியுமா? அவள் "பிடிங்கம்மா" என்றதும் இவள் மரியாதையாக "சரிம்மா" என்று பதில் சொல்லியிருக்கிறாள்! பிடித்த மூச்செல்லாம் அதிலேயே போயிருக்கிறது. பதில் சொல்லாதீர்கள் என்றால், "சரி, சொல்லலை" என்கிறாள். அவ்வளவு தன்மையாக ஒரு பிள்ளை பேசும்போது ஊமை மாதிரி கிடக்க முடியாதாம். அப்படியானால் யார் பேசினால் பதில் சொல்ல மாட்டீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை, கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

என் குரலைப் பதிவு செய்தார்கள். "இழு, பிடி." கோடு ஏறி, மேஜை மாதிரிச் சமமாக இருபத்துமூன்று விநாடி நின்றது. ஃபிசிக்ஸ் பெண் நாற்காலியை விட்டுத் துள்ளிவிட்டாள். இத்தனை வருடத்தில் என் பேச்சு அம்மாவிடம் எடுபட்டது அன்றுதான். பிறகு அதே குரலை வைத்து ஸ்கேன், பதினைந்து நாள் கதிர், நேற்றோடு முடிந்தது. சாதாரண முறையில் இதயத்துக்குப் போயிருக்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறதாம். வீட்டு ஆள் குரல் மற்றவர்களுக்கும் உதவுமா என்று ஆராய்ச்சியில் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

உடனே டிக்கெட் எடுக்காதே, லீவு கிடைக்கும்போது நிம்மதியாக வா. நீயும் வருடா வருடம் பரிசோதனை செய்துகொள், தள்ளிப் போடாதே. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

ஒன்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதே. கதிர் கொடுக்கும்போது நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். கதவு வழியாக என் குரலே லேசாகக் கேட்கும். "பிடி" என்றதும் நானும் பிடித்துக்கொள்வேன். ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க மூச்சு விடலாம், உங்களுக்கு ட்ரீட்மெண்ட் இல்ல" என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அம்மா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்காமல் இத்தனை நாளில் ஒரு நாள்கூடப் போனதில்லை. நேற்று நினைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா