ஆறு படங்களும் என் கண்ணும்

மே 14, செவ்வாய்

இரவுச் சாப்பாடு முடிய ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. மகள் சினாத்சு இன்றும் மீனைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள், விழுங்கவில்லை. மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பேசுவதெல்லாம் சேர்த்து முப்பது வார்த்தை இருந்தால் அதிகம். நன்றாக மென்றால் தாடை பலப்படும், பேச்சும் தானாக வரும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நகராட்சி சுகாதார நிலையத்தில் செவிலியாக இருந்துகொண்டு நானே எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் தினமும் கடித்து மெல்லத் தாமரைக் கிழங்கு.

என் கணவர் தத்சுரோ கிண்டல் செய்கிறார். "அவ என்ன மாடா, நாள் பூரா அசை போட?"

மே 16

மூன்று வயதுப் பரிசோதனைக்கான உறை வந்தது. போன வாரம் அலுவலகத்தில் நானே ஒட்டி அனுப்பியது, எங்கள் தபால் பெட்டிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே அந்த ஆறு படத் தாள்: நாய், பூனை, யானை, செருப்பு, குடை, நாற்காலி. அம்மா வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ரகசியக் குரலில் பெயரைச் சொல்ல வேண்டும், பிள்ளை படத்தைத் தொட வேண்டும். சினாத்சு ஆறுக்கு ஆறு. சரி என்பதற்கு ஆறு வட்டம் போட்டேன். பிறந்த நான்காம் நாள் எடுத்த செவிப் பரிசோதனையிலும் தேறியவள்தான். காதில் ஒன்றுமில்லை, மெல்லுவதில்தான் கோளாறு.

மே 27

மென்றாள். துப்பினாள். அழுதது நான்.

ஜூன் 6, வியாழன்

இன்று பரிசோதனை நாள். செவிலியாக அல்ல, வரிசையில் தாயாக உட்கார்ந்தேன்.

மாதம் இருமுறை வரும் பேச்சுப் பயிற்சியாளர் குரிமோதோ, வார்த்தை குறைவாக இருக்கிறதே என்று படத் தாளை இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். செய்தேன். ஆறுக்கு ஆறு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். மூடிக்கொண்டு "குடை" என்றேன். தாளில் விரல் படும் சத்தமே இல்லை. இமைமேல் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால், சினாத்சு தாளை விட்டுவிட்டு என் இமையைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஒகாதா-சான், நீங்க ஒவ்வொரு தடவையும் படத்தைப் பார்த்துட்டுதான் பேரைச் சொல்றீங்க. அவ உங்க கண்ணைப் படிக்கிறா" என்றார் குரிமோதோ.

எட்டு வருஷம். வாயை மூடுங்க, வாயை மூடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவ நான் — கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதுண்டா? எத்தனை பிள்ளைங்க இப்படித் தேறிப் போச்சோ.

ஜூன் 7

பிரிவுத் தலைவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். அடுத்த உறையில் வைக்க நானே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: பெயரைச் சொல்லும்போது படத்தைப் பார்க்காதீர்கள். படித்துவிட்டு, சரி என்றார்.

ஜூன் 19, புதன்

பெரிய மருத்துவமனை. இரண்டு காதிலும் நடுத்தரக் குறைபாடு. பக்கத்தில் பேசினால் குரல் கேட்குமாம், சொல் பிரிந்து கேட்காதாம். பிறந்த பிறகு கூடியிருக்கலாம் என்றார் மருத்துவர். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வரை தலையாட்டிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது, கழுத்து வலிக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் குரிமோதோவிடம் கேட்டேன். தாடை நன்றாக இருக்கிறதாம், பேச்சுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாமாம். "சாப்பிடும்போது உங்க முகத்தைப் பார்த்தா எனக்கே தொண்டைல இறங்காது" என்றார். கோபம் வரவில்லை, உண்மைதான். இனி அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும், மிச்சம் இருந்தாலும். இன்று முட்டையும் மெத்தென்ற தோஃபுவும் கொடுத்தேன். பாதி தின்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 30

செவிக்கருவி வந்துவிட்டது. மஞ்சள் நிறம் அவளே காட்டியது. மாட்டிய பத்து நிமிடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஓட, பயந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் இருபது முறை கழற்றி எறிந்தாள். ஒன்றை அரிசி டப்பாவிலிருந்து எடுத்தேன். இன்னும் எத்தனை நாளோ.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனபோது, சினாத்சுவின் முடியை அவிழ்த்துவிட்டுக் காதை மறைக்கச் சொன்னார் தத்சுரோ. அங்கே பேசாமல் செய்தேன். பத்து நாள் அடக்கி வைத்தது இன்று மதியச் சாப்பாட்டில் வெடித்தது. பிள்ளையைப் பார்த்து வெட்கப்படுகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு ஏன் என்றேன். குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

"நீதானே ஆறுக்கு ஆறு வட்டம் போட்டவ."

சினாத்சு என் முகத்தைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். வலது காதுக் கருவியைக் கழற்றினாள், இடதையும் கழற்றினாள். எறியவில்லை. கருவிக்கான டப்பாவில் வைத்து மூடினாள். முட்டையை எடுத்து மெல்ல ஆரம்பித்தாள்.

மூன்று வருடமாக அவள் முன்னால் நாங்கள் என்னென்ன பேசியிருக்கிறோம். கேட்காவிட்டாலும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

தத்சுரோ மெதுவாக, "தப்பு பண்ணிட்டேன்" என்றார். நானும் மெதுவாகவே, சோறு வைக்கவா என்று கேட்டேன். அவளுக்குத்தான் இப்போது சொல் எதுவும் பிரிந்து கேட்காதே. இருந்தும் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை.