பௌர்ணமிக்குள் ஒரு பச்சோந்தியைக் கொண்டுபோகக் கோரி

அனுப்புநர்
வ. அருணாதேவி, பி.எஸ்ஸி. (விலங்கியல்),
க/பெ வளவன்,
கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.

பெறுநர்
வனச்சரக அலுவலர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: எங்கள் வீட்டு வாசலில் கூண்டில் உள்ள பச்சோந்தியைப் பொதுமக்கள் சித்தராக வழிபடுவதால் அதன் உயிருக்கு ஆபத்து – வரும் பௌர்ணமிக்கு முன் மீட்டுக் காட்டில் விட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வைகாசிக் கடைசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலி வெட்டியபோது ஒரு பச்சோந்தியின் முன்காலில் அரிவாள் பட்டுவிட்டது. வெட்டியவர்கள் விஷம் என்று தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். அதற்கு விஷம் கிடையாது. என் மகள் கவிநிலா (வயது 5) பார்த்து அழுதாள். கால் ஆறும் வரை வைத்திருந்து விட்டுவிடலாம் என்று எடுத்து வந்தேன். இதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று அறிவேன். ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிவிக்கிறேன் என்பதைக் கீழே எழுதியுள்ளேன்.

2. கூண்டைப் பொறுத்தவரை எந்தக் குறையும் வைக்கவில்லை. ஒருவர் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டியைத் தந்தார். வெயிலில் உள்ளே வெந்துபோகும் என்று திருப்பிக் கொடுத்தேன். பழைய கட்டில் சட்டத்தை என் கணவர் அறுத்துக் கொடுக்க, நாலு பக்கமும் கொசுவலை அடித்து, உள்ளே செம்பருத்தித் தொட்டி ஒன்றும், காலால் பற்றிக்கொள்ளும் பருமனில் கொய்யாக் குச்சிகளும் வைத்தோம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அது குடிக்காது, இலையில் சொட்டினால்தான் குடிக்கும். ஆகையால் ஊசியால் குத்திய பாட்டில் ஒன்றை மேலே தொங்கவிட்டேன். வெட்டுக்கிளி பிடிப்பது கவிநிலாவின் வேலை. காலை வெயில் வாசலில்தான் விழும் என்பதால் கூண்டை அங்கே வேப்பமரத்தடியில் வைத்தோம்.

3. தவறு இங்கேதான் நடந்தது. மதிய வெயிலுக்கு மறைப்பாக ஈரத்துணி போட வேண்டியிருந்தது. கையில் கிடைத்தது என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய காவி வேட்டி. வேப்பமரம், கீழே காவித் துணி, சின்னக் கதவு, உள்ளே அசையாமல் ஒருவர். சித்தர்கள் எந்த உருவத்திலும் இம்மலையைச் சுற்றுவார்கள் என்று நம்பி வருபவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஆனிப் பௌர்ணமியன்று ஓர் அம்மாள் கூண்டின் முன் கற்பூரம் ஏற்றினார். "ஒரு கண்ணு நம்ம மேல, ஒரு கண்ணு மலை மேல. சித்தருதாங்க இது, பல்லி எங்கனா இப்டி பாக்குமா?" என்று கூட வந்தவர்களிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன். வேட்டியை அன்றே எடுத்துவிட்டேன். பயனில்லை.

4. பக்கத்தில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கும் திரு. கோதண்டராமன், 'பச்சோந்தி சித்தர் ஜீவ தரிசனம்' என்று பலகை எழுதி எங்கள் மரத்தில் கட்டினார். நான் கழற்றினால் மறுபடி கட்டுகிறார். கேட்டதற்கு, "நீ சும்மா இரும்மா. காலேஜ் படிச்சவங்களுக்கு எல்லாமே பூச்சியாத்தான் தெரியும்" என்றார்.

5. பச்சோந்தி பயந்தால் கருத்துப்போகும். புகையையும் கூட்டத்தையும் கண்டு அது கருத்தால், சாமிக்குக் கோபம் என்று இன்னும் கற்பூரம் ஏற்றுகிறார்கள். ஏற்ற ஏற்ற அது கருக்கிறது. ஆடிப் பௌர்ணமியன்று யாரோ வலை வழியாகப் பால் ஊற்றியதில் கட்டெறும்பு மொய்த்து வாலைக் கடித்துவிட்டது. அதிலிருந்து தீனி கம்மி. இப்போது வெட்டுக்கிளி எதிரில் உட்கார்ந்தாலும் நாக்கை நீட்டுவதில்லை. வீட்டுக்குள் வைத்துப் பார்த்தோம். கதவைத் தட்டித் தரிசனம் கேட்கிறார்கள்.

6. கால் ஆறிவிட்டது. போன வாரம் கூடையில் எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் புறப்பட்டேன். கடை வாசலில் நின்றவர்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். என் மாமியார் ஜோதியம்மாளும், "வேணாம் அருணா. நீ வுட்டுட்டு வந்து, நாளைக்கு எவனுக்காச்சும் காய்ச்சல் வந்தாகூட நம்ம தலையிலதான் கட்டுவாங்க" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். கூண்டிலேயே அது செத்தாலும் பழி எங்களுக்குத்தான். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பெண்மணி கவிநிலாவிடம், "சாமிய பட்டினி போடாத பாப்பா" என்று சொல்லியிருக்கிறார். அன்று குழந்தை தன் தயிர்சாதத்தைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் இருந்தாள். இதற்கு மேல் பொறுக்க முடியாமல் தங்கள் அலுவலகம் வந்தேன். எழுத்து மூலம் தரச் சொன்னார்கள்.

7. ஆகவே, சீருடையில் பணியாளர்களை அனுப்பி, பகலில், எல்லோரும் பார்க்க, அரசாங்கமே எடுத்துப் போகிறது என்று சொல்லி அதைக் கொண்டுபோக வேண்டுகிறேன். என் கையால் கொடுத்ததாக இருக்கக் கூடாது. கூண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லலாம். இரை எடுக்கத் தொடங்கும் வரை அதிலேயே இருக்கட்டும். பாட்டிலில் காலையில் தண்ணீர் நிரப்பினால் போதும். என் மேல் நடவடிக்கை இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அதை எங்கே விட்டீர்கள் என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம். எனக்கும் சொல்ல வேண்டாம் ஐயா. எனக்குத் தெரிந்தால் கவிநிலா கேட்கும்போது சொல்லிவிடுவேன். அவளுக்குத் தெரிந்தால், திரு. கோதண்டராமன் ஒரு கமர்கட்டைக் கொடுத்து வாங்கிவிடுவார்.

பௌர்ணமிக்கு முன் தங்கள் வண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கும் என்று காத்திருக்கும்,

(ஒப்பம்)
வ. அருணாதேவி

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 12.08.2002